நல்ல சிறுகதையை எங்கே தேடுவது? (கூடவே: ரயில், சின்னப் பெண், ஆரஞ்சுப் பழம். எந்தக் கதை?)

ஹலசூர்_வாசி | செவ்வாய் இரவு 10.42

எல்லோருக்கும் வணக்கம். பிறந்து வளர்ந்தது எல்லாம் பெங்களூர் ஹலசூரில்தான். பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இங்கிலீஷும். தமிழ் எழுத்தை அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள், மளிகைக்கடையில் பருப்பு மடித்துக் கொடுத்த வார இதழ்த் தாளை வைத்து. அதனால் படிக்க வரும், ஆனால் நத்தை வேகம். ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷம்.

தினமும் ஹலசூர் மெட்ரோவில் ஏறி பட்டாந்தூர் அக்ரஹாராவில் இறங்குகிறேன். முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. போனில் ரீல்ஸ் தள்ளித் தள்ளிக் கட்டைவிரல்தான் வலிக்கிறது. ஒரு நடைக்கு ஒரு சிறுகதை என்று வைத்துக்கொண்டால் மாதம் நாற்பது கதை ஆகுமே என்று கணக்குப் போட்டேன்.

கணக்கு சரி, கதைதான் கிடைக்கவில்லை. கூகுளில் தேடினால் ஆயிரக்கணக்கில் கதை குவித்து வைத்திருக்கும் தளங்கள் வருகின்றன. போன இரண்டு வாரத்தில் இருபத்துமூன்று கதை படித்தேன். ஒன்பது கதையில் அவள் ஏற்கெனவே செத்துப்போனவள் என்று கடைசி வரியில் தெரிகிறது. ஆறு கதையில் மருமகள் திருந்துகிறாள். மீதி எட்டில் என்ன நடந்தது என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது. நல்ல கதை அதே தளத்தில் எங்கோ இருக்கும், எனக்குத்தான் கண்ணில் படவில்லை. நீங்களெல்லாம் எப்படித் தேடுகிறீர்கள்?

இன்னொன்று. அம்மாவுக்கு ஜோலார்பேட்டை. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே வாடகைக்குப் புத்தகம் தரும் கடையில் எடுத்துப் படித்த ஒரு கதையை அடிக்கடி சொல்வாள். ரயிலில் ஒரு சின்னப் பெண், ஒரு பையன், ஒரு ஆரஞ்சுப் பழம். பேரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. தேடினால் ஆரஞ்சு ஜூஸ் போடுவது எப்படி என்று வருகிறது.

கடைசிபெஞ்ச் | செவ்வாய் இரவு 11.05

இருபத்துமூன்று படித்தீர்களா? உங்கள் பொறுமைக்கே தனியாக ஒரு விருது கொடுக்கலாம்.

எஸ். ராமகிருஷ்ணன் தேர்ந்தெடுத்த நூறு சிறந்த தமிழ்ச் சிறுகதைகளின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, புத்தகமாகவும் வந்திருக்கிறது. ஒன்றாம் எண்ணில் ஆரம்பியுங்கள், நூறில் முடியுங்கள். வேலை முடிந்தது.

ஆரஞ்சுக் கதை ஜெயகாந்தனாக இருக்கும். சின்னப் பெண், ஏழ்மை என்றாலே அவர்தான்.

மர்ஃபிடவுன்_மணி | புதன் காலை 6.20

தம்பி ஹலசூர்_வாசி, ஒன்றாம் எண்ணிலிருந்து நூறு வரை என்பது சர்க்கரை வியாதிக்கு மாத்திரை விழுங்குகிற மாதிரி. பட்டியலில் தப்பில்லை. வரிசையாகப் படிப்பதுதான் ஆகாது. நான் ஓய்வு பெற்ற புதிதில் அப்படித்தான் ஒரு பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். மூன்றாவதோ நாலாவதோ மௌனி வந்தார். மொத்தமே இரண்டு டஜன் கதைதான் எழுதியிருக்கிறார், புதுமைப்பித்தனே அவரைச் சிறுகதையின் திருமூலர் என்று சொல்லியிருக்கிறார். அதெல்லாம் சரி. எனக்கு ஒரு பாராவுக்கு மேல் நகரவில்லை. பிரச்சினை என் மூளையில்தான் என்று நினைத்து எட்டு மாதம் கதைப் பக்கமே போகவில்லை. இப்போது அவரை ஆசையாகப் படிக்கிறேன், அது வேறு விஷயம்.

என் வழி இதுதான். தளத்தைத் தேடாதே, ஆளைத் தேடு. ஒரு கதை உன்னைப் பிடித்து உட்காரவைத்தால் அவர் எழுதிய இன்னும் மூன்றைப் படி. அப்புறம் அவருக்கு யார் சிநேகிதர், அவர் யாரைப் படித்தார் என்று பார். கொடி பிடித்துக்கொண்டு போகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கலாம்.

உனக்கு முதல் ஆள் கு. அழகிரிசாமி. மெதுவாகப் படிப்பவனுக்கு அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. வாக்கியம் சின்னது, சொல் எல்லாம் வீட்டுச் சொல். 'அன்பளிப்பு' என்று ஒரு கதை. ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கும் ஒருவர். அந்தக் கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் ஒரு பையன், சாரங்கன் என்று பேர். ஒருநாள் அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுப் போய் உட்காரவைக்கிறான். அப்புறம் ஒரு டைரியை எடுக்கிறான். அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

அவர் இடைசெவல்காரர். அதே இடைசெவல்காரர்தான் கி. ராஜநாராயணன், இரண்டு பேரும் பால்ய சிநேகிதர்கள். ஆக அடுத்த கதை கி.ரா.வின் 'கதவு'. குழந்தைகள் வீட்டுக் கதவில் ஏறி நின்றுகொண்டு பஸ் ஓட்டி விளையாடுவார்கள். தீர்வை பாக்கிக்காகக் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுவான் தலையாரி. எட்டுப் பக்கம் இருந்தால் அதிகம். உன் கணக்குப்படி நீ இறங்குவதற்குள் முடிந்துவிடும்.

ஆரஞ்சுக் கதை ஜெயகாந்தன் இல்லை. தலைப்பு தொண்டையில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது.

தேன்மொழி_ஹெச்எஸ்ஆர் | புதன் காலை 9.48

'சிலிர்ப்பு'. தி. ஜானகிராமன்.

அப்பாவும் குட்டிப் பையனும் ரயிலில் போவார்கள். பையன் கையில் ஒரு ஆரஞ்சு, உரிக்காமல் வைத்துக்கொண்டே இருப்பான். எதிரே ஒரு அம்மாளோடு ஒரு சின்னப் பெண், கல்கத்தாவில் யார் வீட்டிலோ வேலைக்குப் போகிறாள். இதுதானே? பள்ளிக்கூடப் பிள்ளை வயது, அவள் வேலைக்குப் போகிறாள். எனக்கு ஏழு வயதில் மகன் இருக்கிறான். அவனுக்கு மத்தியான டப்பா கட்டிவிட்டு இதைப் படித்துத் தொலைத்தேன், அன்றைக்கு ஆபீஸ் காலில் பாதியில் கேமராவை அணைத்துவிட்டேன்.

ஹலசூர்_வாசி | புதன் காலை 10.02

அக்கா, அதேதான்! அதேதான்! இன்று ராத்திரி அம்மாவுக்குச் சொல்கிறேன். மணி சார், உங்கள் இரண்டு கதையும் குறித்துக்கொண்டேன்.

பக்கம்73 | புதன் பகல் 1.15

கொஞ்சம் எச்சரிக்கை. இணையத்தில் இருக்கும் பழைய கதைகள் பல யாரோ ஆர்வத்தில் தட்டச்சு செய்து போட்டவை. பாரா விட்டுப்போயிருக்கும், சில இடத்தில் வசனத்தை யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது. ஒரு தளத்தில் புதுமைப்பித்தன் கதை ஒன்றைப் படித்தேன். திடீரென்று முடிந்தது. ஆகா என்ன நவீனமான முடிவு என்று நண்பர்களிடமெல்லாம் சிலாகித்தேன். அப்புறம் புத்தகத்தில் பார்த்தால் கடைசி ஒன்றரைப் பக்கம் தளத்தில் இல்லவே இல்லை.

எனவே முடிந்தால் இரண்டு இடத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். அழியாச்சுடர்கள் தளத்தில் நல்ல தேர்வு. கையெழுத்துப்பிழை உண்டு, ஆனால் ஆள் தெரிந்து பொறுக்கியிருக்கிறார்கள். பழைய தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்கள் நடத்துவது. ஈழத்துக் கதைகளுக்கு நூலகம் தளம். இப்போது எழுதுகிறவர்களைப் படிக்கச் சொல்வனம் இதழ். தேடும்போது தலைப்பை மட்டும் போடாமல் எழுதியவர் பேரையும் சேர்த்துத் தமிழிலேயே அடியுங்கள். 'கதவு' என்று மட்டும் அடித்தால் மரக்கதவு விற்பவர்கள் வருவார்கள்.

எது இலவசமாகப் படிக்கலாம், எது கூடாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நம் நாட்டில் எழுதியவர் இறந்த அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு பதிப்புரிமை. கு.ப. ராஜகோபாலன் 1944-இல் போனார், புதுமைப்பித்தன் 1948-இல். பின்னவருடைய எழுத்தை 2002-இல் தமிழக அரசு நாட்டுடைமையும் ஆக்கிவிட்டது. இவர்களைத் தாராளமாக இணையத்தில் படிக்கலாம். அசோகமித்திரன் 2017-இல்தான் காலமானார். அவரைக் காசு கொடுத்து வாங்குங்கள்.

கடைசிபெஞ்ச் | புதன் பகல் 1.31

கையெழுத்துப்பிழையா தட்டச்சுப்பிழையா சார்? எச்சரிக்கைப் பதிவிலேயே ஒன்று.

பக்கம்73 | புதன் பகல் 1.40

தட்டச்சுப்பிழை. நன்றி.

கடைசிபெஞ்ச் | புதன் மாலை 5.52

சரி, பட்டியல் வேண்டாம் என்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. கடைசியில் ஒரு திருப்பம் இருந்தால் என்ன குற்றம்? படிக்கிறவனுக்கு ஒரு கிக் வேண்டாமா? ஒரு ஆள் பஸ்ஸில் ஏறினான், ஜன்னலைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான், இறங்கினான் என்று முடிகிற கதைகளைத்தான் நீங்களெல்லாம் இலக்கியம் என்கிறீர்கள். நான் சுஜாதா ரசிகன். இதே பெங்களூரில் பெல் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர், ஓட்டு மெஷினில் அவர் கை இருக்கிறது. அவர் கதையில் கடைசிப் பாராவில் ஒரு அடி விழும். அந்த அடிக்காகத்தான் படிக்கிறேன்.

மர்ஃபிடவுன்_மணி | புதன் இரவு 8.10

சுஜாதாவையே எடுத்துக்கொள்வோம். அவருடைய மிகச் சிறந்த கதை என்று பலரும் சொல்வது 'நகரம்'. கிராமத்திலிருந்து வள்ளியம்மாள் காய்ச்சலில் கிடக்கும் மகளைத் தூக்கிக்கொண்டு மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு உடனே சேர்க்கச் சொல்லிவிட்டார். சொன்னால் போதுமா? சீட்டு, ஜன்னல், இன்னொரு ஜன்னல், படிக்கத் தெரியாதவளுக்கு எங்கே போவது என்றே தெரியவில்லை. கடைசியில் எந்த வெடியும் வெடிப்பதில்லை. சாமிக்கு நேர்ந்துகொள்கிறாள், அவ்வளவுதான். நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. அதுதான் அடி. ரகசியத்தைக் கடைசிவரைக்கும் முந்தானையில் முடிந்து வைத்திருந்து அவிழ்க்கிற கதையை இரண்டாம் தடவை படிக்க முடியுமா? 'நகரம்' நான் ஐந்து தடவை படித்திருக்கிறேன்.

இரண்டாம் தடவை படிக்கத் தோன்றுகிறதா என்பதுதான் என் ஒரே அளவுகோல். மற்றதெல்லாம் அவரவர் நாக்கு.

கடைசிபெஞ்ச் | புதன் இரவு 8.25

'நகரம்' எனக்கும் பிடிக்கும். இதற்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி என் கட்சி மாறவில்லை.

தேன்மொழி_ஹெச்எஸ்ஆர் | புதன் இரவு 9.30

இலக்கியம் என்றால் சிரிக்கக் கூடாது என்று யார் சொன்னது? புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' படியுங்கள் கடைசிபெஞ்ச். கடவுள் மெட்ராசுக்கு வந்து பிள்ளைவாளிடம் மாட்டிக்கொள்கிறார். பிள்ளை வைத்தியப் பத்திரிகை நடத்துகிறவர், கடவுளிடமே ஆயுள் சந்தா கேட்கிறார். யாருடைய ஆயுள் என்று கடவுள் கேட்க, பத்திரிகையின் ஆயுள்தான் என்பார் பிள்ளை. நின்றுபோன பத்திரிகைக்கு ஒருகாலத்தில் சந்தா கட்டியவர்களுக்கு இந்த வலி புரியும்.

நான் பாதி கதை காதால்தான் கேட்கிறேன். சமைக்கும்போது, துணி மடிக்கும்போது. யூடியூபில் வரிக்கு வரி வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். பவா செல்லதுரை மாதிரி அடுத்தவர் கதையைத் தன் வார்த்தையில் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஹலசூர்_வாசி, உங்களுக்குப் படிக்க நேரம் ஆகிறது என்றால் இதுவும் ஒரு வழி. சில்க் போர்டு சிக்னலில் நிற்கிற நேரத்துக்கு ஒரு முழுக் கதை ஓடும்.

பக்கம்73 | புதன் இரவு 10.04

வாசித்துக் கேட்பது ஒன்று, கதைசொல்லி சொல்லக் கேட்பது இன்னொன்று. இரண்டாவதில் நீங்கள் கேட்பது அந்தச் சொல்லியின் கதை. எழுத்தாளன் எந்தச் சொல்லை எங்கே வைத்தான் என்பது போயே போய்விடும். அசோகமித்திரனின் 'புலிக்கலைஞ'னைச் சொல்லிப் பாருங்கள். சினிமா கம்பெனிக்கு வாய்ப்புக் கேட்டு ஒருவன் வருகிறான், புலி வேஷக்காரன், 'டகர் பாயிட் காதர்', அதாவது டைகர் ஃபைட் காதர். கதையைச் சொன்னால் இரண்டு நிமிஷம். அந்த டகர் என்ற ஒரு சொல்லில் அவன் ஜாதகமே இருக்கிறது. அவன் உடம்பு புலியாக மாறுகிற இடத்தை எழுத்தில்தான் பார்க்க முடியும்.

தேன்மொழி_ஹெச்எஸ்ஆர் | புதன் இரவு 10.20

சார், கேட்டதனால்தான் நான் அந்தக் கதையைத் தேடிப் படித்தேன். கேட்டிருக்காவிட்டால் படித்திருக்கவே மாட்டேன். உங்களுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் மேசை விளக்கு இருக்கிறது. எனக்குக் குக்கர் இருக்கிறது.

பக்கம்73 | புதன் இரவு 10.26

நியாயம்.

மாட்டுங்கா_மாமி | வியாழன் காலை 7.15

பெங்களூர்க்காரர்கள் மட்டும் பேச வேண்டுமென்று சட்டம் இல்லையே? மும்பையிலிருந்து எழுதுகிறேன். முப்பது வருஷம் லோக்கல் ட்ரெயினில் படித்தவள். மெட்ரோ எல்லாம் சொகுசு. இங்கே தாதரில் ஏறினால் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மட்டும் கீழே விட்டுப் படிக்க வேண்டும். அதனால் நான் கனமான தொகுப்பு எதையும் வாங்குவதில்லை. முழுத்தொகுப்பு அலமாரிக்கு அழகு, பயணத்துக்கு மெல்லிய புத்தகம்தான்.

இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள், ஒரு பெண் எழுத்தாளர் பேரைக்கூடக் காணோம். தேன்மொழி, நீயுமா? எங்கள் ஊரில் இருக்கும் அம்பையைப் படியுங்கள். 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. ராஜஸ்தான் பக்கத்துப் பெரிய கூட்டுக் குடும்பம், பெரிய வீடு, அதில் சமையலறை மட்டும் ஏதோ ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். நான் கல்யாணமாகி வந்த வீட்டில் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. பதினோரு வருஷம். படித்துவிட்டு முதலில் செய்த காரியம், ஆளைக் கூப்பிட்டுச் சுவரை உடைத்து ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியதுதான். 2021-இல் அவருக்குச் சாகித்ய அகாதெமி கிடைத்தபோது எனக்கே கிடைத்த மாதிரி வீட்டில் பாயசம் வைத்தேன். ஆர். சூடாமணியையும் விட்டுவிடாதீர்கள்.

நாஞ்சில் நாடனும் இங்கே பல வருஷம் வேலை பார்த்தவர்தான். அவருடைய 'யாம் உண்பேம்' மகாராஷ்டிரத்து ரயிலில் நடக்கிறது. பசித்த ஒரு கிழவர், சாப்பாட்டுப் பொட்டலம் வைத்திருக்கும் ஒருவர். ரயிலில் டிபன் டப்பா திறக்கும்போதெல்லாம் எதிர் சீட்டைப் பார்க்கும் பழக்கம் எனக்கு அதிலிருந்து வந்தது.

தேன்மொழி_ஹெச்எஸ்ஆர் | வியாழன் காலை 9.05

மாமி, குட்டு சரியான இடத்தில் விழுந்தது.

மர்ஃபிடவுன்_மணி | வியாழன் காலை 9.40

மாமி சொன்னபிறகுதான் என் பதிவைத் திரும்பப் பார்த்தேன். எனக்கும் அந்தக் குட்டு சேரும்.

நம் ஊர் சமாச்சாரம் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பாவண்ணன் பெங்களூரில் இருப்பவர். தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர், கன்னடத்திலிருந்து நிறைய மொழிபெயர்த்தவர், பைரப்பாவின் 'பருவம்' அவர் கொண்டுவந்ததுதான். திண்ணை இணைய இதழில் 'எனக்குப் பிடித்த கதைகள்' என்று ஒரு தொடர் எழுதினார். ஒவ்வொரு கட்டுரையும் அவர் வாழ்க்கையில் நடந்த ஏதோ ஒரு சின்ன விஷயத்தில் தொடங்கும், பேசிக்கொண்டே வந்து ஒரு கதைக்குள் நம்மை விட்டுவிடும். உன் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது தம்பி. நமக்கு முன்னால் ஒருவர் படித்து, சலித்து, இது நன்றாக இருக்கிறது என்று கையில் கொடுக்கிறார். ஆனால் கட்டுரையை முதலில் படிக்காதே. கதையைத் தேடிப் படித்துவிட்டு அப்புறம் கட்டுரைக்கு வா. எதிர்ப்பக்கமாகப் போனால் அவர் கண்ணால்தான் பார்ப்பாய்.

கன்னடம் படிக்கத் தெரிந்தவன் நீ. மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடச் சிறுகதைக்கே தகப்பன். அவர் வீட்டு மொழி தமிழ். பானு முஷ்டாக் கதைகளுக்கு 2025-இல் சர்வதேச புக்கர் கிடைத்தது, அவையும் சிறுகதைகள்தான். உனக்குத் தமிழை மட்டும் தேட வேண்டுமென்று என்ன தலையெழுத்து? எங்களுக்கு இல்லாத இரண்டாவது சாவி உன்னிடம் இருக்கிறது.

கடைசிபெஞ்ச் | வியாழன் பகல் 12.30

ஆபீஸ் போகிற ஆளுக்கு ஆதவனை ஏன் யாரும் சொல்லவில்லை? டில்லி ஆபீஸ், டில்லி பஸ், வெளியே ஒன்று பேசி உள்ளே ஒன்று நினைக்கிற ஆட்கள். வருஷம் மட்டும்தான் பழசு, நம் டீம் மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் அவர் கதையில் இருக்கிறார்கள். 1987-இல் சிருங்கேரியில் துங்கை ஆற்றில் முழுகிப் போய்விட்டார், நாற்பத்தைந்து வயது. அந்த ஆண்டுச் சாகித்ய அகாதெமி 'முதலில் இரவு வரும்' தொகுப்புக்கு, அவர் போன பிறகு.

ஆமாம், இதில் கடைசிப் பாரா அடி எதுவும் கிடையாது. யாரும் சுட்டிக்காட்ட வேண்டாம்.

நிழல்மரம் | வியாழன் மாலை 6.18

குறுக்கே ஒரு கேள்வி. என் மனைவி மலையாளி, தமிழ் பேசுவாள், படிக்க வராது. இங்கிலீஷில் நல்ல தொகுப்பு உண்டா?

பக்கம்73 | வியாழன் மாலை 6.50

திலீப்குமார் தொகுத்து சுபஸ்ரீ கிருஷ்ணஸ்வாமி மொழிபெயர்த்த 'தி தமிழ் ஸ்டோரி', 2016. பெரிய புத்தகம், தொடக்ககாலத்திலிருந்து வரிசையாக வரும். திலீப்குமாருக்குத் தாய்மொழி குஜராத்தி என்பதையும் மனைவியிடம் சொல்லுங்கள், படிக்கக் கற்றுக்கொள்ள ஒரு தூண்டுதலாக இருக்கும்.

ஹலசூர்_வாசி | சனி இரவு 11.20

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

வியாழன் காலை 'அன்பளிப்பு' ஆரம்பித்தேன். மெதுவாகப் படிப்பவன் என்று சொன்னேன் இல்லையா, சாரங்கன் அவரை வீட்டுக்குக் கூப்பிடும் இடம் வரும்போது குந்தலஹள்ளி. டைரி வரும்போது தலையை நிமிர்த்தினால் ஹோப்ஃபார்ம். இரண்டு ஸ்டேஷன் தாண்டிவிட்டேன். திரும்பி எதிர் வண்டி பிடித்து ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது ஸ்டாண்டப் மீட்டிங் முடிந்திருந்தது. லேட்டுக்குக் காரணம் கேட்ட மேனேஜரிடம் மெட்ரோ லேட் என்று சொன்னேன். மெட்ரோ மேல் பழி போட்டதற்கு வருத்தம்.

'கதவு' வெள்ளிக்கிழமை. அதைப் பற்றி ஒன்றும் எழுதத் தெரியவில்லை. மணி சார், இரண்டாம் தடவை படித்துவிட்டேன் என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது அம்மா. 'சிலிர்ப்பு' கிடைத்துவிட்டது என்றதும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், கோயிலுக்குப் போகிற மாதிரி. அவளுக்குக் கண்புரை, சின்ன எழுத்து தெரியாது. நான்தான் சத்தமாகப் படித்தேன். தஞ்சாவூர்ப் பேச்சு எனக்கு வாயில் நுழையவில்லை. ஒவ்வொரு வசனத்தையும் நான் படிக்க, அவள் திருத்த, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கல்கத்தா என்று வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள். "கல்கத்தா இல்லடா, பம்பாய்."

கதையில் கல்கத்தா என்றுதான் இருக்கிறது என்றேன். தப்பாக அச்சடித்திருப்பார்கள் என்றாள். மறுபடி தேடி இன்னொரு தளத்திலும் காட்டினேன். அங்கேயும் கல்கத்தா. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. சரி போகட்டும் என்று மேலே படித்து முடித்தேன். ஆரஞ்சு கைமாறும் இடத்தில் இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. ஃபிரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

படுக்கப் போகும்போது கதவருகில் நின்றுகொண்டு சொன்னாள். ஜோலார்பேட்டையில் அவளோடு நாலாவது படித்த ஒரு பெண்ணைப் பம்பாயில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பினார்களாம். வழியனுப்ப இவளும் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். கையில் கொடுக்க ஒன்றும் இல்லையாம். எனக்கு முப்பத்தாறு வயது. இந்தப் பெண்ணைப் பற்றி இன்றைக்குத்தான் முதல் தடவை கேட்கிறேன்.

மாட்டுங்கா_மாமி | சனி இரவு 11.52

அம்மாவிடம் சொல், அது பம்பாய்தான். இங்கே எங்கள் கட்டடத்திலேயே அப்படி வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

பக்கம்73 | ஞாயிறு காலை 7.30

மூலத்தில் கல்கத்தாதான். ஆனால் இந்த ஒரு முறை நான் திருத்தப்போவதில்லை.

மர்ஃபிடவுன்_மணி | ஞாயிறு காலை 8.05

தம்பி, உன் வீட்டிலிருந்து நடந்தே வரக்கூடிய தூரத்தில் ஹலசூர் ஏரிக்கரைப் பக்கம் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அங்கே நூலகம் உண்டு. நான் அடிக்கடி போகிறவன். இன்டர்நெட்டில் தேடுவதை நிறுத்திவிட்டு ஒருநாள் அலமாரி முன்னால் நின்று பார். நடுவில் நாலு பக்கம் பிரித்துப் படி, பிடித்தால் எடு, பிடிக்காவிட்டால் வை. இருபத்துமூன்று மோசமான கதையை ஒதுக்க அங்கே இருபது நிமிஷம் போதும்.

ஜனவரியில் பொங்கலுக்கு ஜோலார்பேட்டை போவீர்கள் என்றால் அப்படியே சென்னைப் புத்தகக் காட்சியையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம். பெட்டியில் இடம் வைத்துக்கொண்டு போ.

ஹலசூர்_வாசி | ஞாயிறு காலை 8.40

வருகிறேன் சார். அடுத்த ஞாயிறு. அம்மாவும் வருகிறாளாம். வள்ளுவர் சிலை வழியாகத்தானே? ஏரியை ஒட்டி ஆட்டோ நிறுத்தினால் அவளுக்கு நடை குறையும்.

அவள் இன்னொரு கதை கேட்கிறாள். புருஷன் துணிக்கடையில் வேலை, பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், மெட்ராஸ். கடைசியில் அழுகை வராதாம், ஆனால் நெஞ்சு அடைக்குமாம். யாருக்காவது தெரியுமா?

தேன்மொழி_ஹெச்எஸ்ஆர் | ஞாயிறு காலை 8.44

'செல்லம்மாள்'. புதுமைப்பித்தன். ராத்திரியில் படிக்காதீர்கள்.